மஞ்சள் குழம்புல இருக்கட்டும், சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க

இது கொஞ்சம் நீளமான இழை. சுகர், பிபி, கொழுப்பு, தொப்பை இந்த நாலுல ஏதாவது ஒண்ணு உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா, பொறுமையா கடைசி வரை படிச்சுடுங்க.

1.
கொஞ்ச நாளா இன்பாக்ஸில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "டாக்டர், குர்குமின் கேப்சூல் எடுக்கலாமா? பெர்பெரின் நல்லதாமே? பட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான் எல்லாம் கலந்த பொடி ஒண்ணு விக்கிறாங்க, அது சாப்பிட்டா சுகர், பிபி, கொழுப்பு மூணும் சரியாயிடுமா? மாத்திரையை விட்டுடலாமா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தாவரங்களில் மருந்து இருக்கு, சந்தேகமே இல்லை. ஆனா சாப்பாடா சாப்பிடுற தாவரம் வேற, கேப்சூலில் அடைச்ச சாறு வேற. சாப்பாடா தாராளமா சாப்பிடுங்க. கேப்சூலை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. ஏன்னு கீழே விவரமா சொல்றேன்.

2.
முதல்ல நோயைப் புரிஞ்சுக்குவோம். "மெட்டபாலிக் சிண்ட்ரோம்" என்பது தனி ஒரு வியாதி இல்லை. ஒண்ணா சேர்ந்து வர்ற ஒரு கூட்டம். அஞ்சு அளவுகள் இருக்கு:

* இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ அல்லது அதுக்கு மேல்
* வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதுக்கு மேல்
* ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதுக்கு மேல்
* ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதுக்கு மேல்
* நல்ல கொழுப்பான எச்டிஎல் ஆண்களுக்கு 40க்குக் கீழ், பெண்களுக்கு 50க்குக் கீழ்

இந்த அஞ்சுல மூணு இருந்தா உங்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம். இடுப்பளவு நம்ம தெற்காசிய மக்களுக்கானது. வெள்ளைக்காரர்களுக்கான அளவு இதைவிட அதிகம். நமக்கு வயிறு கொஞ்சம் முன்னாடி வந்தாலே உள்ளே பிரச்சனை ஆரம்பிச்சிடும்.

3.
இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் இன்சுலின் சுரக்கும், ஆனா கல்லீரலும் தசையும் அதோட பேச்சைக் கேட்காது. 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் தான் இந்த எல்லாத்தையும் ஒரே சரடில் கோர்த்துச் சொன்னார்.

இப்போ நம்ம நாட்டுக் கணக்கு. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். அதற்கு முந்தைய நிலையில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர். பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்த அழுத்தம். அதாவது இந்த இழையைப் படிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒருத்தராவது இந்த வட்டத்துக்குள்ள இருப்பாங்க. இவ்வளவு பெரிய கூட்டம் இருந்தா வியாபாரமும் தேடி வரத்தானே செய்யும்?

4.
"அலோபதி டாக்டர், அதான் மூலிகைன்னா எரிச்சல்"னு கமெண்ட் வரும்னு தெரியும். அதனால மெட்ஃபார்மின் கதையைச் சொல்றேன்.

ஐரோப்பாவில் கலீகா அஃபிசினாலிஸ்னு ஒரு செடி. நாட்டு வைத்தியத்தில் பல நூறு வருஷம் புழக்கத்தில் இருந்தது. அதில் இருக்கும் கலீஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டுபிடிச்சு, 1920களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை குறைஞ்சது. ஆனா நச்சுத்தன்மை அதிகம். கைவிட்டுட்டாங்க.

அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனா பாதுகாப்பான ஒரு பொருளை 1922இல் டப்ளினில் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1957இல் பிரான்ஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். அதுதான் மெட்ஃபார்மின். இன்னைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரை. "இங்கிலீஷ் மருந்து"ன்னு நாம ஒதுக்குற அந்த மாத்திரையோட பூர்வீகம் ஒரு செடி.

5.
இன்னொரு கதை. ஆப்பிள் மரப்பட்டையில் இருந்து 1835இல் ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரிச்செடுத்தாங்க. இதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறும் என்று 1886இல் வான் மெரிங் காட்டினார். அதை அப்படியே மருந்தாக்க முடியலை. வாய் வழியாக் கொடுத்தால் குடலிலேயே உடைஞ்சு போகும், வயிற்றுப்போக்கும் வரும்.

வேதியியலாளர்கள் அதோட அமைப்பை மாத்தி மாத்தி உழைச்சாங்க. 2010களில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வந்தது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாத்துற மருந்துகள் இவை. பட்டையில் இருந்து மாத்திரை வர 175 வருஷத்துக்கு மேல ஆச்சு.

6.
அந்த 175 வருஷத்தில் நடந்தது என்ன? நாலு கேள்விக்குப் பதில் தேடினாங்க.

ஒண்ணு: எவ்வளவு கொடுத்தால் வேலை செய்யும்?
ரெண்டு: வாயில் போட்டால் ரத்தத்துக்குப் போய்ச் சேருமா?
மூணு: கல்லீரல், சிறுநீரகம், கர்ப்பம், மற்ற மாத்திரைகள் இவற்றோடு ஒத்துப்போகுமா?
நாலு: ரிப்போர்ட்டில் நம்பர் குறைவது சரி, மாரடைப்பும் பக்கவாதமும் சாவும் குறையுதா?

மெட்ஃபார்மின் நாலாவது கேள்வியிலயும் பாஸ். 1998இல் வந்த இங்கிலாந்தின் யுகேபிடிஎஸ் ஆய்வில், உடல் எடை அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளில் மாரடைப்பும் இறப்பும் குறைந்தது தெரிஞ்சது. இப்போ சந்தையில் விக்கிற எந்த மூலிகைக் கேப்சூலும் இந்த நாலாவது கேள்விக்கு மெட்ஃபார்மின் அளவுக்குப் பதில் சொன்னது இல்லை. இனி ஒவ்வொண்ணா பார்ப்போம்.

7.
மஞ்சள்.

மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் தான். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் 3 கிராம்னு வச்சுக்கிட்டா அதில் குர்குமின் 90 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் தினமும் 500 முதல் 1,500 மில்லிகிராம். குழம்பில் போடுற மஞ்சளால் அந்த அளவை எட்டவே முடியாது. வீட்டுல ஒரு குழம்புக்கே அரை ஸ்பூன் தானே போடுறோம், அதை நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுறோம்.

அப்புறம், குர்குமின் குடலில் சரியா உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாத்தி வெளியே தள்ளிடும்.

8.
இதுக்கு ஒரு வழி 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் கிடைச்சது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகில் இருக்கிற காரப்பொருள், சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சப்படுவது 20 மடங்கு கூடுது. இப்போ விக்கிற கேப்சூல் பாதியில் "கருமிளகுச் சாறு சேர்த்தது"ன்னு பெருமையாப் போட்டிருப்பது இதனால் தான்.

பைப்பரின் எப்படி இதைச் செய்யுது? மருந்துகளை உடைக்கிற கல்லீரல் நொதிகளைத் தடுத்துத்தான். நொதிக்கு குர்குமின் எது, நீங்க சாப்பிடுற மத்த மாத்திரை எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. வலிப்பு மாத்திரை, சில பிபி மாத்திரைகள் இவற்றோட அளவும் ரத்தத்தில் கூடலாம்.

9.
மஞ்சளால் கல்லீரல் கெடுமா? ரசத்திலும் குழம்பிலும் போடுற மஞ்சளால் கெடாது. நம்ம பாட்டிக்குப் பாட்டி காலத்துல இருந்து சாப்பிடுறோம்.

கேப்சூலால் கெடலாம். 2019இல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமெண்ட் சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகப் பதிவானது. 2022இல் அமெரிக்காவில் இப்படிப் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரம் வெளியானது. ஒருவர் இறந்தார். அந்தப் பத்தில் 7 பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. அது நமக்கு இருக்கா இல்லையான்னு கேப்சூல் வாங்கும் முன் யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கப் போறதில்லை. எண்ணிக்கை சின்னது தான், பயப்படச் சொல்லலை. "இயற்கைன்னா பக்கவிளைவே கிடையாது" என்ற பேச்சு தப்புன்னு காட்டத்தான் சொல்றேன்.

10.
இலவங்கப்பட்டை.

நம்ம கடைகளில் பட்டைன்னு சொல்லி விக்கிறதுல பெரும்பகுதி காசியா வகை. தடிமனா, கெட்டியா, மரப்பட்டை மாதிரி இருக்கும். இலங்கைப் பட்டை மெல்லிசா, சுருட்டு மாதிரி பல அடுக்கா இருக்கும், விலையும் அதிகம்.

காசியாவில் கூமரின்னு ஒரு பொருள் இருக்கு. அளவு கூடினால் கல்லீரலுக்கு ஆகாது. ஐரோப்பிய அளவுகோல் படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் போகலாம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். காசியாத் தூளில் கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் இருக்கும். அப்போ 2 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனிலயே கோட்டா முடிஞ்சது. பிரியாணிக்கு ரெண்டு துண்டு பட்டை போடுறதுல ஒரு பிரச்சனையும் இல்லை. தினம் காலையில் வெந்நீரில் ரெண்டு ஸ்பூன் பட்டைத்தூள் குடிக்கிறது தான் பிரச்சனை.

பலனாவது இருக்கா? 2012இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிட்டாங்க.

11.
பெர்பெரின்.

2023இல் இருந்து சமூக ஊடகத்தில் "இயற்கை ஓசெம்பிக்"னு பட்டம் கட்டி ஓடிக்கிட்டிருக்கிறது இதுதான். நம்ம மரமஞ்சளில் இருக்கிற மஞ்சள் நிறப் பொருள். ஓசெம்பிக்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வேலை செய்யுற விதமே வேற.

நியாயமா சொல்லணும்னா, நான் சொல்லப்போற பட்டியலில் கொஞ்சம் பலமான ஆதாரம் இருப்பது இதுக்குத்தான். 2008இல் சீனாவில் புதுசா சர்க்கரை வந்த 36 பேரிடம் மூணு மாதம் பார்த்தாங்க. பெர்பெரின் மெட்ஃபார்மின் அளவுக்கே சர்க்கரையைக் குறைச்சது. அதன் பிறகும் பல ஆய்வுகள் வந்திருக்கு. ஆனா 36 பேர், மூணு மாதம்னு பாருங்க. சர்க்கரை நோய் முப்பது வருஷக் கதை.

பக்கவிளைவுகளும் இருக்கு. வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரும். மற்ற மருந்துகளோட அளவை ரத்தத்தில் கூட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே கூடாது, பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடி மூளை வரை பாதிக்கலாம்.

12.
சிறுகுறிஞ்சான், பாகற்காய்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்னுட்டு சீனியை வாயில் போட்டுப் பாருங்க, மணலை மெல்லுற மாதிரி இருக்கும். அதில் இருக்கும் ஜிம்னமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் மறைச்சிடும். இது உண்மை. ஆனா நாக்குக்கு இனிப்பு தெரியலைன்னா ரத்தத்தில் சர்க்கரை இல்லைன்னு அர்த்தம் இல்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சின்னவை, கொஞ்சமானவை.

பாகற்காய்க்கும் காக்ரேன் தொகுப்பு 2012லயே வந்திருக்கு. மருந்தாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. காயாகச் சொன்னால்? அருமையான காய். பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க. எண்ணெயில் மொறுமொறுன்னு பொரிச்ச சிப்ஸைக் கணக்கில் சேர்க்காதீங்க.

13.
வெந்தயம்.

எனக்குப் பிடிச்சது இது. ஏன்னா இதில் மந்திரம் எதுவும் இல்லை, நார்ச்சத்து தான். வெந்தயத்தின் எடையில் சுமார் பாதி நார்ச்சத்து. தண்ணியில் ஊறினால் வழவழன்னு ஆகுதே, அந்தப் பசை குடலில் சாப்பாட்டோடு கலந்து, சர்க்கரை ரத்தத்துக்குப் போறதை மெதுவாக்குது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதை ஆராய்ஞ்சிருக்கு.

அங்கே கொடுத்த அளவு தினமும் 25 கிராமும் அதுக்கு மேலும். நாம ஊறவைக்கிறது ஒரு டீஸ்பூன், 4 கிராம். அதனால் ஒரு ஸ்பூன் வெந்தயத் தண்ணி குடிச்சு மூணு மாத சராசரி 9இல் இருந்து 6க்கு வரும்னு எதிர்பார்க்காதீங்க. இட்லி மாவில், குழம்பில், கீரையா, முளைகட்டி, எப்படி வேணா சேருங்க. கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க அதிக அளவு சேர்த்தால் தாழ்சர்க்கரை ஆகலாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு செய்யுங்க.

14.
ஒரே தாவரம் சாப்பாடா இருக்கும்போதும் கேப்சூலா மாறும்போதும் என்ன வித்தியாசம்னு ரெண்டு உதாரணம்.

கொடம்புளி. மீன் குழம்பில் போட்டால் ருசி. அதே கொடம்புளிச் சாறு "கார்சினியா கம்போஜியா"ங்கிற பேரில் எடை குறைக்கும் கேப்சூல். 1998இல் 135 பேரிடம் 12 வாரம் நடந்த அமெரிக்க ஆய்வில் வெற்று மாத்திரையைவிட ஒரு கிராம் கூட அதிகமா எடை குறைச்சதா நிரூபிக்க முடியலை. ஆனா கல்லீரல் பாதிப்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கு.

கிரீன் டீ. குடிக்கிறது பாதுகாப்பானது. அதோட சாறு கேப்சூலில் இஜிசிஜி என்ற பொருள் தினமும் 800 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் நொதிகள் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரிச்சது.

15.
அப்போ "ஆய்வில் நிரூபணம்"னு விளம்பரத்தில் போடுறது பொய்யா? பல சமயம் பொய் இல்லை, பாதி உண்மை. எலிக்குக் கொடுத்திருப்பாங்க. கண்ணாடிக் குடுவையில் செல்லின் மேல ஊத்தியிருப்பாங்க. முப்பது நாப்பது பேரிடம் எட்டு வாரம் பார்த்திருப்பாங்க.

அடுத்த தடவை அப்படி ஒரு வீடியோ வந்தா மூணு கேள்வி கேளுங்க. மனுஷனா எலியா? எத்தனை பேர், எத்தனை மாதம்? நம்பர் குறைஞ்சதா, நோயாளி நல்லா இருந்தாரா? இந்த மூணுக்கும் பதில் இல்லாத வீடியோவை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

16.
இவ்வளவு நீட்டி முழக்குறதுக்குக் காரணம் வார்டில் பார்க்கிறது. பேரும் ஊரும் வேண்டாம். ஐம்பது வயசைத் தாண்டிய ஒரு கொத்தனார். எட்டு வருஷமா சுகர், பிபி மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டவர். யாரோ சொன்னாங்கன்னு "சுகர் பொடி" வாங்கி, ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டார். அஞ்சு மாதம். சிமெண்ட் வேலையில் காலில் சின்னப் புண். உணர்ச்சி இல்லாததால் கவனிக்கலை. வந்தப்போ சர்க்கரை 400க்கு மேல். ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

"ஏங்கய்யா மாத்திரையை நிறுத்துனீங்க?"

"இங்கிலீஷ் மருந்து தொடர்ந்து சாப்பிட்டா கிட்னியை அடிச்சிரும்னாங்க டாக்டர். இது இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

அவர் படிக்காதவர் இல்லை, அலட்சியமானவரும் இல்லை. கிட்னியைக் காப்பாத்தணும்னு நினைச்சுத்தான் நிறுத்தினார். அதுதான் எனக்கு மனசு ஆறலை.

17.
அதனால் இதைத் தெளிவா சொல்லணும். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் பிபியும் தான் கெடுக்கும். ஏற்கனவே சிறுநீரகம் பழுதான பிறகு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்போம், ஒரு கட்டத்தில் நிறுத்துவோம். அதைப் பார்த்து "மாத்திரையால் தான் கிட்னி போச்சு"ன்னு கதை கிளம்பிடுது.

மெட்ஃபார்மினுக்குப் பக்கவிளைவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் வயிற்று உபாதை வரும். பல வருஷம் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். இது ரெண்டும் நமக்குத் தெரியும், டெஸ்ட் பண்ணலாம், சரி பண்ணலாம். பொடி டப்பாவில் என்ன இருக்குன்னே தெரியாதே!

18.
"எனக்குப் பொடி சாப்பிட்டு உண்மையிலேயே சுகர் குறைஞ்சது டாக்டர்" என்பவர்களும் உண்டு. அதுக்கும் பதில் இருக்கு. சிலர் பொடி ஆரம்பிக்கும்போதே இனிப்பை விட்டிருப்பாங்க, நடக்க ஆரம்பிச்சிருப்பாங்க. பேர் பொடிக்குப் போகும்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. மூலிகைன்னு சொல்லி விக்கிற பொருளில் சுகர் மாத்திரையையே தூளாக்கிக் கலக்குறது உலகம் முழுக்கப் பல தடவை பிடிபட்டிருக்கு. 2008இல் சிங்கப்பூரில் ஆண்மை மாத்திரைன்னு வாங்கிச் சாப்பிட்டவங்க நூற்றுக்கும் மேல் கடும் தாழ்சர்க்கரையோட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. சோதிச்சா, உள்ளே கிளிபென்கிளமைடு. சிலர் இறந்தே போனாங்க.

19.
இப்போ காசு விஷயம். இந்தக் கேப்சூல்களுக்கு மாதம் ஆயிரம், ரெண்டாயிரம்னு செலவு பண்ற குடும்பங்களைப் பார்க்கிறேன். தினக்கூலியில் அது மூணு நாலு நாள் சம்பளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிபி மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறாங்க. இலவசமா வர்றதால மதிப்பில்லாமப் போச்சோன்னு சில நேரம் தோணும்.

கேப்சூல் டப்பாவைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் படிச்சுப் பாருங்க. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிப்படி அதைப் போட்டே ஆகணும். அந்த உரிமம் உணவுக்கானது, மருந்துக்கானது இல்லை. முன்பக்கம் சர்க்கரைக்குத் தீர்வுங்கிற தோரணை, பின்பக்கம் மருந்து இல்லைன்னு ஒப்புதல். சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் குணமாக்குவேன்னு விளம்பரம் செய்யக் கூடாதுன்னு 1954லயே சட்டம் இருக்கு. அதை ஒழுங்கா அமல்படுத்தணும். எச்சரிக்கை வரியைப் பெரிய எழுத்தில், தமிழில், முன்பக்கம் போட வைக்கணும். இது என் கோரிக்கை.

20.
சித்த மருத்துவ நண்பர்கள் கோபப்பட வேண்டாம். முறையாகப் படிச்ச சித்த மருத்துவர், நாடி பார்த்து, ரிப்போர்ட் பார்த்து, தொடர்ந்து கண்காணிச்சுக் கொடுக்கிற சிகிச்சை வேற. ஆளையே பார்க்காமல் ரீல்ஸில் "லிங்க் பயோவில்"னு விக்கிறது வேற. ரெண்டாவதைப் பற்றித்தான் பேசிட்டு இருக்கேன்.

21.
அப்போ தாவரங்களால் மெட்டபாலிக் சிண்ட்ரோமைத் தடுக்கவே முடியாதா? முடியும். கேப்சூலில் இல்லாமல் தட்டில் இருந்தால் முடியும்.

இதுக்கு நம்ம சென்னையிலேயே ஆதாரம் இருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர், மூணு வருஷம். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாத்தினவங்களில் நூற்றுக்கு 39 பேர். மெட்ஃபார்மின் எடுத்தவங்களில் 40 பேர். பாருங்க, சாப்பாடும் நடையும் மாத்திரைக்குச் சமமா நின்னிருக்கு. எந்தக் கேப்சூலுக்கும் இப்படி ஒரு கணக்கு நம்ம மக்களிடம் கிடையாது.

22.
தட்டில் என்ன செய்யணும்?

* தட்டில் பாதி காய், கீரை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவு தினமும் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். நம்மில் பலர் இதில் பாதி கூட சாப்பிடுறதில்லை.
* கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். சோற்றுக்குப் பதில் சிறுதானியம்னு மாத்தினாலும் அளவு அளவுதான்.
* டீ, காபியில் சீனியை விடுங்க. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் போய் சர்க்கரைதான்.
* ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் குறைங்க. பிபிக்கு உப்பு தான் முதல் எதிரி.
* தினமும் 30 நிமிஷம் வேகநடை. பேச முடியணும், பாட முடியாத வேகம்.
* 80 கிலோ இருந்தால் 75க்கு வாங்க. அந்த அஞ்சு கிலோவுக்கே சுகர், பிபி, ட்ரைகிளிசரைடு மூணும் இறங்கும்.

சிறுநீரகப் பிரச்சனை உள்ளவங்க மட்டும் காய், கீரை, பருப்பு அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு பண்ணுங்க. பொட்டாசியம் விஷயம் இருக்கு.

23.
இவ்வளவு சொல்லியும் "இல்ல டாக்டர், கேப்சூல் எடுத்தே தீருவேன்" என்பவர்களுக்கு:

* எடுக்கிற எந்த மாத்திரையையும் நீங்களே நிறுத்தாதீங்க.
* டப்பாவை டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்க. பேரை மட்டும் சொன்னா போதாது.
* ஆரம்பிக்கும் முன் மூணு மாத சராசரி, கல்லீரல், கிரியாட்டினின் டெஸ்ட். மூணு மாதம் கழிச்சு மறுபடி. பலன் இல்லைன்னா காசை மிச்சப்படுத்துங்க.
* கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, பசியின்மை, அரிப்பு வந்தால் அன்னைக்கே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.
* கர்ப்பிணிகள், பாலூட்டுறவங்க, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவங்க, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினவங்க வேண்டவே வேண்டாம்.

24.
சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டால் பொடியைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு அது மருந்தே இல்லை. "கஷாயம், பொடி, கேப்சூல் ஏதாவது?"ன்னு தனியா, திட்டாத குரலில் கேளுங்க. ஒரு அம்மா மஞ்சள் காமாலையோட அட்மிட் ஆகி, மூணாவது நாள் அவங்க மக பையில் இருந்து எடை குறைக்கும் கேப்சூல் டப்பாவை எடுத்துக் காட்டின பிறகுதான் காரணம் தெரிஞ்சது. "சொன்னா டாக்டர் ஏசுவாருன்னு அம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க" என்றார் அந்தப் பெண். கேப்சூலை நிறுத்தினதும் மெதுவாத் தேறிட்டாங்க.

25.
சுருக்கமா:
மஞ்சள், வெந்தயம், பட்டை, பாகற்காய் எல்லாம் சமையலறையில் இருக்கட்டும்.
மாத்திரை வேளை தவறாமல் வாய்க்குப் போகட்டும்.
கேப்சூலுக்குக் கொடுக்கிற காசில் வாரம் முழுக்கக் காயும் கீரையும் வாங்குங்க.
வீட்டுல ஒரு இஞ்ச் டேப் எடுத்து இன்னைக்கே எல்லாரோட இடுப்பையும் அளந்து பாருங்க. ஆண் 90, பெண் 80. தாண்டியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிபியும் பார்த்துடுங்க, காசு கிடையாது.

அப்பா அம்மா மாத்திரையை நிறுத்திட்டு ஏதாவது பொடி சாப்பிடுறாங்களான்னு இன்னைக்கு ராத்திரி ஒரு போன் போட்டுக் கேளுங்க. சண்டை போடாம கேளுங்க.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க, டூட்டி முடிச்சு வந்து பதில் சொல்றேன்.